வந்தது எந்த அம்மை?

கேள்வி: எனக்கு வயது 31. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கல்யாணமாகி மும்பைப் பக்கம் டோம்பிவிலிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது, குர்லாவில் வேலை. இரண்டு மாதமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாருக்கு நாலு நாளாக விலாப்பக்கம் அக்கி. மருந்து தடவிவிடுவது நான்தான். அவரைப் பார்த்த டாக்டர் என்னிடம், "உனக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா?" என்று கேட்டார். அம்மாவிடம் போனில் கேட்டால், "ரெண்டாங் கிளாஸ் படிக்கும்போது அம்மை போட்டுதே, மூணு தண்ணி ஊத்தினோமே" என்கிறாள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. புருவத்துக்கு மேலே ஒரு குழி இருக்கிறது, இடது கையில் அம்மை குத்திய தழும்பும் இருக்கிறது. கணவருக்குக் கல்லூரி ஹாஸ்டலில் சின்னம்மை வந்து பரீட்சையே எழுத முடியாமல் போனதாம். அவர், பேசாமல் சின்னம்மைத் தடுப்பூசி போட்டுக்கொள் என்கிறார். லேபில் முதலில் ரத்த டெஸ்ட் எடுங்கள் என்கிறார்கள். மாமியார் அக்கி எழுத ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே மூன்று வரியில் பதில் அனுப்பிவிட்டேன். மருந்து தடவும் வேலையை இன்றோடு கணவரிடம் விட்டுவிடுங்கள், நாளைக் காலை வீட்டிலேயே கர்ப்பச் சோதனை பாருங்கள், அது எப்படி வந்தாலும் அன்றைக்கே லேபில் ரத்தம் கொடுங்கள் என்று. அக்கியும் சின்னம்மையும் ஒரே வைரஸ்; சின்னம்மை வராதவருக்கு அக்கிக் கொப்புளத்து நீரிலிருந்து அது தொற்றலாம், டாக்டர் அப்படிக் கேட்டது அதனால்தான். அவசரத்துக்கு அது போதும். ஆனால் இதே கேள்வியோடு மாதத்துக்கு இரண்டு பேராவது செம்பூரில் என் கிளினிக்குக்கு வருகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக.

முதலில் அம்மாவின் ஞாபகம். அதைச் சந்தேகப்படுவதாக நினைக்க வேண்டாம். உங்களுக்கு அம்மை வந்தது நிஜம்தான். எந்த அம்மை என்பதுதான் கேள்வி. நம் ஊரில் உடம்பில் எது சிவந்து பொரிந்தாலும் அம்மைதான். சின்னம்மை அம்மை, தட்டம்மை அம்மை, மணல்வாரியும் அம்மை. கன்னம் வீங்கினால்கூடச் சில ஊர்களில் புட்டாளம்மை என்பார்கள். எது வந்தாலும் வீட்டில் நடப்பது ஒன்றே: வாசலில் வேப்பிலை, அடுப்படியில் தாளிப்பு கிடையாது, அப்புறம் நாள் பார்த்து மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர். அம்மாவுக்கு அந்த மூன்று தண்ணீர் நன்றாக நினைவிருக்கிறது. கொப்புளம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், தயங்குவார். அன்றைக்கு யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இந்த விஷயத்தில் மராட்டிக்காரர்கள் நம்மைவிடத் தெளிவு. தட்டம்மைக்குக் கோவர், சின்னம்மைக்குக் காஞ்ஜண்யா, பெரியம்மைக்குத் தேவி என்று தனித்தனிப் பெயர். உங்கள் பக்கத்து ஃபிளாட் ஆஜியிடம் (மராட்டியில் பாட்டி) அவர் பிள்ளைகளுக்கு என்ன வந்தது என்று கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்.

எதற்கும் அம்மாவிடம் இன்னொரு முறை பேசுங்கள். "அம்மை வந்ததா" என்று கேட்காதீர்கள். உள்ளே தண்ணீர் கோத்த கொப்புளமா, மணலைத் தூவியது போலப் பொடிப் பொடியாகச் சிவந்ததா? நெஞ்சிலும் முதுகிலும் நிறைய வந்து கை கால்களில் குறைவாக இருந்ததா? ஒரே நேரத்தில் சில கொப்புளம் பழுத்தும், சில காய்ந்தும், சில அப்போதுதான் கிளம்பியும் இருந்தனவா? சொறிந்து சொறிந்து அழுதீர்களா? இதற்கெல்லாம் ஆமாம் என்றால் சின்னம்மையாக இருக்க நிறைய வாய்ப்பு. இருமல், கண் சிவந்து நீர் வடிந்தது, காதுக்குப் பின்னால் தொடங்கி முகம் வழியாகக் கீழே இறங்கியது என்றால் அது தட்டம்மை. அது சின்னம்மைக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. இரண்டும் வேறு வேறு வைரஸ்.

புருவத்துக் குழியை நான் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சின்னம்மை அப்படிக் குழி விட்டுப் போகும்தான், பருவும் போகும். கையில் இருக்கும் தழும்போ நிச்சயமாக அம்மை குத்தியது இல்லை. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டது 1975-ல். உலகத்திலிருந்தே அது ஒழிந்தது என்று 1980-ல் அறிவித்தார்கள். நீங்கள் பிறந்தபோது அந்த ஊசியே புழக்கத்தில் இல்லை. உங்கள் கையில் இருப்பது காசநோய்க்குப் போடும் பிசிஜி. மாமனார் கையில் இருப்பது வேண்டுமானால் அசல் அம்மைத் தழும்பாக இருக்கும், ஆனால் அதுவும் பெரியம்மைக்குத்தான். (இந்தியாவிலேயே முதன்முதலாக அந்த ஊசி போட்டது நம் பம்பாயில்தான், 1802-ல், மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு. இதை நோயாளிகளிடம் சொல்வதில் எனக்கு ஒரு சின்ன ஊர்ப் பெருமை.)

உங்கள் கணவர் சொல்வதை நான் அப்படியே நம்பிவிடுவேன். தானே படுத்து, தானே சொறிந்து, பரீட்சையையும் விட்டவர். வளர்ந்தபின் வந்த சின்னம்மையை யாரும் மறப்பதில்லை. அவருக்கு டெஸ்ட்டும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

"இந்த வயதுக்குள் எல்லோருக்கும் வந்து போயிருக்கும்" என்றும் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். குளிர் நாடுகளில் அது பெரும்பாலும் சரி. அங்கே தடுப்பூசி வருவதற்கு முன்பு பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிடும். நம்முடையதைப் போன்ற வெப்ப நாடுகளில் இந்த வைரஸ் அவ்வளவு சீக்கிரம் எல்லோரையும் பிடிப்பதில்லை. இருபது, முப்பது வயதுவரை வராமலே தப்பியவர்கள் இங்கே கணிசம். கிராமத்தில் தப்பித்து வந்து, இங்கே ஓர் அறையில் எட்டுப் பேரோடு தங்கி, காலை ஏழு மணி லோக்கல் ரயிலில் நெருக்கியடித்துப் போகும்போது பிடித்துக்கொள்கிறது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே ஆள் தொற்றைப் பரப்புவார், காற்றிலேயே பரவும். யாரிடமிருந்து வந்தது என்றே தெரியாது.

பெரியவர்களுக்கு வந்தால் அது சின்ன அம்மை இல்லை. மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் பரிமாறிக்கொண்டிருந்த 27 வயதுப் பையன் ஒருவனை இன்னும் நினைவிருக்கிறது. தினமும் ஒரு பாக்கெட் சிகரெட். உடம்பு முழுக்கக் கொப்புளத்தோடு வந்தபோது, "சின்ன வயசிலேயே வந்துடுச்சு சார், இது வேற என்னமோ" என்றான். நாலாம் நாள் மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தான். பெரியவர்களுக்குச் சின்னம்மையில் நாங்கள் முதலில் பயப்படுவது இந்த நிமோனியாவுக்குத்தான். புகைப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த ஆபத்து கூடுதல்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பத்தின் முதல் 20 வாரத்துக்குள் தாய்க்குச் சின்னம்மை வந்தால், நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு அதன் பாதிப்பு வரலாம்: தோலில் வடு, கை கால் வளர்ச்சிக் குறை, கண், மூளைக் கோளாறு. நூற்றில் 98 குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது என்பதையும் சேர்த்தே படியுங்கள். பிரசவத்தை ஒட்டி, அதாவது ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரைக்குள் தாய்க்கு வந்தால், பிறந்த குழந்தைக்குக் கடுமையாகத் தாக்கும். கர்ப்பமான பிறகு இந்தத் தடுப்பூசியைப் போட முடியாது. அது உயிருள்ள, ஆனால் வலு குறைத்த வைரஸ். ஆகவே இதையெல்லாம் தீர்த்துக்கொள்ள வேண்டிய காலம் இப்போதுதான்.

டெஸ்ட்டா, நேராக ஊசியா? உங்கள் கணவர் சொல்வதில் தவறே இல்லை. ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருக்கும் ஒருவருக்கு இந்த ஊசியைப் போட்டால் கெடுதல் எதுவும் கிடையாது. சந்தேகத்தோடு வரும் மற்ற பெரியவர்களில் பலரை, டெஸ்ட்டெல்லாம் வேண்டாம் என்று நேராக ஊசிக்கே அனுப்பிவிடுகிறேன். லேபுக்கு ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள் என்று அலைந்து, கடைசியில் ஊசியை மறந்துபோகிறவர்களே அதிகம்.

உங்களுக்கு மட்டும் டெஸ்ட் முதலில் என்கிறேன். காரணம் நாட்கணக்குதான். பெரியவர்களுக்கு இரண்டு டோஸ், நடுவில் 4 முதல் 8 வார இடைவெளி. இரண்டாவது டோஸுக்குப் பின் குறைந்தது ஒரு மாதம் கர்ப்பம் கூடாது. சில டாக்டர்கள் மூன்று மாதம் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் குழந்தை முயற்சியை இரண்டு மூன்று மாதத்துக்குக் குறையாமல் தள்ளிப்போட வேண்டும். ரத்தத்தில் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த மாதங்கள் மிச்சம். இரண்டாவது, வீட்டிலேயே அக்கி இருக்கிறது. இந்த வாரம் என்ன செய்வது என்பதே அந்த ரிப்போர்ட்டைப் பொறுத்தது. பணமும் உண்டு. இந்த ஊசி அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. பெரும்பாலான பிராண்டுகள் ஒரு டோஸுக்கே 2,000 ரூபாயைச் சுற்றி வருகின்றன. இரண்டு ஊசிக்கு ஆவதைவிட ஒரு டெஸ்ட்டுக்குக் குறைவாகத்தான் ஆகும்.

லேபில் கேட்க வேண்டியது வேரிசெல்லா (சின்னம்மையின் மருத்துவப் பெயர்) ஐஜிஜி. அந்தக் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ஒருமுறை ஒரு பெண் "நெகடிவ்" என்ற ரிப்போர்ட்டோடு கவலையாக வந்தார். பார்த்தால் லேபில் எடுத்திருந்தது ஐஜிஎம். அது இப்போது தொற்று நடக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். பழைய எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று சொல்வது ஐஜிஜி மட்டும்தான். மறுபடி ரத்தம் எடுத்தோம். ஐஜிஜி நன்றாகவே பாசிட்டிவ். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை.

பாசிட்டிவ் என்றால் அம்மாவின் மூன்று தண்ணீருக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. ஊசி வேண்டாம், முயற்சியைத் தொடருங்கள். நெகடிவ் என்றாலும், நடுவாந்தரமாக "ஈக்விவோகல்" என்று வந்தாலும் நான் நெகடிவாகவே எடுத்துக்கொள்வேன். ஈக்விவோகல் என்று வந்ததற்காக இரண்டாவது, மூன்றாவது லேபுக்கு ஓட வேண்டாம். ஊசியைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள்.

நெகடிவாக வந்து, கர்ப்பமும் இல்லை என்றால் அன்றே முதல் டோஸ். சின்னம்மை வைரஸோடு தொடர்பு ஏற்பட்டு மூன்று நாளுக்குள், அதிகபட்சம் ஐந்து நாளுக்குள் போட்டால் அந்தத் தொற்றையே தடுக்கவோ மிதமாக்கவோ வாய்ப்பு உண்டு. அந்த நாள் கடந்துவிட்டாலும் போடுங்கள், அடுத்த முறைக்கு உதவும். ஒருவேளை கர்ப்பம் உறுதியாகி, ஐஜிஜியும் நெகடிவ் என்றால் ஊசி கிடையாது. உங்கள் மகப்பேறு மருத்துவரை அன்றைக்கே பாருங்கள். தொடர்பு ஏற்பட்டுப் பத்து நாளுக்குள் கொடுக்கக்கூடிய இம்யூனோகுளோபுலின் என்ற வேறொரு ஊசி இருக்கிறது. வேண்டுமா இல்லையா என்பதை அவர் முடிவு செய்வார். தெரியாமல் கர்ப்பத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்கள் சில சமயம் அழுதுகொண்டே வருவார்கள். அதற்காகக் கர்ப்பத்தைக் கலைக்கத் தேவையே இல்லை. அப்படிப் போட்டுக்கொண்ட தாய்மார்களைப் பல வருடம் கண்காணித்ததில், ஊசியால் குழந்தைக்கு அந்தப் பாதிப்பு வந்ததாகத் தெரியவில்லை.

ஊசி போடுமுன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ வாரக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பது, புற்றுநோய்ச் சிகிச்சை, சமீபத்தில் ரத்தம் ஏற்றியது, நியோமைசின் அல்லது ஜெலட்டின் கடுமையாக ஒவ்வாமல் போனது.

மெடிக்கலில் நீங்களே வாங்கிப் போவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். டோம்பிவிலி கடையில் வாங்கிக் கைப்பையில் போட்டு, ஆபீஸ் முடித்து, மாலை டாக்டரிடம் நீட்டினால் அவர் போடக் கூடாது. குளிர் விட்டால் இந்த வைரஸ் செத்துவிடும். ஐஸ் பேக் வைத்த தெர்மோகோல் பெட்டியில், வாங்கிய கையோடு போக வேண்டும். இதைவிட, ஃபிரிட்ஜில் ஊசி வைத்திருக்கும் கிளினிக்கிலேயே போட்டுக்கொள்வது நிம்மதி.

போட்ட இடத்தில் வலிக்கும். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் ஐந்தாறு கொப்புளம் தலைகாட்டினால் பதற வேண்டாம், மூடி வையுங்கள். இரண்டாவது டோஸ் தள்ளிப்போய்விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். இரண்டும் முடிந்த பிறகு "ஏறியிருக்கிறதா" என்று பார்க்க மறுபடி ஐஜிஜி எடுக்காதீர்கள். சாதாரண லேப் டெஸ்ட்டுகள் நோய் வந்து உண்டான எதிர்ப்பாற்றலைச் சரியாகப் பிடிக்கும். ஊசியால் வந்ததைப் பல சமயம் தவறவிட்டுவிடும். பொய்யாக நெகடிவ் வந்து, மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். இரண்டு டோஸுக்குப் பிறகும் சிலருக்கு நோய் வரலாம், ஆனால் பெரும்பாலும் ஐம்பது கொப்புளத்துக்குள் முடிந்துவிடும். ஊசி போடாதவருக்கு 250 முதல் 500 வரை எண்ணலாம்.

ரத்தம் எடுக்கும் அன்று ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஐஜிஜியையும் சேர்த்துக் கேளுங்கள். கர்ப்பத்தில் அது சின்னம்மையைவிட மோசம். தமிழ்நாட்டில் 2017-ல் தட்டம்மை-ருபெல்லா ஊசியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மொத்தமாகப் போட்டபோது நீங்கள் அந்த வயதைத் தாண்டியிருப்பீர்கள். அதுவும் நெகடிவ் என்றால் எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்குமான) ஊசியைச் சின்னம்மை ஊசியோடு ஒரே நாளில் வேறு கையில் போடலாம். ஒரே நாளில் போடாவிட்டால் இரண்டுக்கும் நடுவே நாலு வாரம் விட வேண்டும்.

இனி மாமனார். அக்கி என்பது, எப்போதோ வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேரில் ஒளிந்திருந்து, வயதானபின் எழுந்து வருவது. அவரிடமிருந்து உங்களுக்கு அக்கி தொற்றாது; எதிர்ப்பாற்றல் இல்லையென்றால் கொப்புளத்து நீரிலிருந்து சின்னம்மை தொற்றும். துணியால் மூடி வைத்து, கை கழுவினால் ஆபத்து நன்றாகக் குறையும். எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியபின் பயமில்லை. அவர் துண்டைத் தனியே வையுங்கள். பக்கத்து வீட்டார் இதை நாகீண் என்பார்கள். நாகம் இடுப்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் போய்விடும் என்றும் பயமுறுத்துவார்கள். அக்கி பொதுவாக உடம்பின் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும், நடுக்கோட்டைத் தாண்டாது. வைரஸுக்கான மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். டாக்டர் கொடுத்திருப்பார் என்று நம்புகிறேன். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்திருந்தால் கண் டாக்டரிடம் உடனே போக வேண்டும். விலாப்பக்கம் என்பதால் அந்தக் கவலை இல்லை. குணமானபின், 50 வயதைக் கடந்தவர்களுக்கான அக்கித் தடுப்பூசி பற்றி அவர் டாக்டரிடம் கேளுங்கள். 2023 முதல் இங்கேயே கிடைக்கிறது. அது வேறு ஊசி. உங்களுக்கு வேண்டிய சின்னம்மை ஊசிக்கு அது மாற்று இல்லை. கடையில் பெயரைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள்.

அப்புறம் மாமியார் தேடும் ஆள். தாராவி கும்பார்வாடாவில் குயவர்கள் இருக்கிறார்களே என்று யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்கள். அவர்கள் குஜராத்திலிருந்து வந்தவர்கள்; அக்கிக்குக் காவி குழைத்து எழுதும் வழக்கம் நம் ஊர்க் குயவர்களுடையது. போய்க் கேட்டால் பானையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அவர் மனசுக்கு வேண்டுமென்றால், கொப்புளம் உடையாத இடத்தில், சுற்றிலும், சுத்தமான காவியால் மாமியாரே ஒரு கோடு இழுக்கட்டும். புண்ணின் மேல் மட்டும் வேண்டாம், சீழ் பிடிக்கும். அவரே எழுதப் போகிறார் என்றால், அவருக்கு எந்த அம்மை வந்தது என்பதையும் முதலில் கேட்டுவிடுங்கள்.